சத்தம் போடாத பக்கம்

ராயகிரிக்கு மேற்கே ஒரு வயல். அறுத்த தாளில் முழங்காலைப் போட்டு உட்கார்ந்து, செல்போனை அறுப்பு மிஷினின் விலாவில் ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். தாள் காலைக் குத்துகிறது. நெல் சுணை கழுத்தெல்லாம் அரிக்கிறது. மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மாசி மாதத்தில் மழையை யார் கூப்பிட்டார்களோ தெரியவில்லை.

மிஷினின் வயிற்றுக்குள் கதிரை அடித்து நெல்லை உதிர்க்கிற உருளை ஒன்று உண்டு. டிரம் என்போம். அதைத் தாங்கிக்கொண்டு இடப்பக்கம் ஒரு பேரிங், வலப்பக்கம் ஒரு பேரிங். இரண்டில் ஒன்று தேய்ந்துபோய், கல்லை மெல்லுகிற மாதிரி அரைத்துக்கொண்டிருந்தது. எது என்று சொல்ல வேண்டியவர் போனின் அந்த முனையில், சவுதியில் இருந்தார். என் வீட்டுக்காரர் தங்கதுரை.

"கேக்குதா?" என்று கத்தினேன். பதில் இல்லை. டிரைவர் சுடலைமுத்துவிடம் எஞ்சினைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஒட்டிப் பிடித்தேன். அப்போதும் பதில் இல்லை. பிறகு நிதானமாக ஒரு கேள்வி வந்தது.

"உனக்கு எந்தப் பக்கம் தெரியுது?"

"இடப்பக்கம்தான்."

"அப்ப அதுதான். இடப்பக்கத்தை மாத்திரு."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பேரிங் விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். எங்கள் வட்டாரத்தில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஃபேனைப் பார்த்த மாப்பிள்ளை

அவருடைய காதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

சங்கரன்கோவிலில் எங்கள் அப்பா வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, மிக்சர், காப்பி எல்லாம் ஆயிற்று. நான் பட்டுச்சேலை கட்டி, காலையில் மார்க்கெட்டுக்கு வந்த பிச்சிப்பூவைத் தலை கனக்க வைத்துக்கொண்டு வந்து நின்றேன். மாப்பிள்ளை அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பொண்ணுகிட்ட ஏதாவது பேசுங்க என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவர் வாயைத் திறந்து சொன்ன முதல் பேச்சு இது:

"இந்த ஃபேன்ல மேல் பேரிங் போயிட்டு."

அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. வீட்டுக்கே பெருமையாக இருந்த ஃபேன் அது. பெண் பார்க்க வந்தவன் ஃபேனில் குற்றம் கண்டுபிடித்துவிட்டுப் போகிறானே என்று ஒரு வாரம் புலம்பினார். அப்புறம் ஒரு மத்தியானம், சோறு போட்டு உட்கார்ந்த நேரத்தில், அது கிறீச்சென்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. அப்பா கையைக் கழுவிவிட்டு நேராகப் போய்ச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தார்.

அன்றைக்கு அவர் என்னைப் பார்த்தாரா இல்லையா என்ற சந்தேகம் மட்டும் எனக்கு இன்றுவரை தீரவில்லை. கேட்டால் சிரிப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்தக் காதின் மகிமை முழுசாகத் தெரிந்தது. நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்று வைத்திருப்பார். அதன் முனையை ஓடுகிற மிஷினில் வைத்து, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது. நான் ஒரு தரம் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் தீர்ப்பு வரும்: இது போயிட்டு, அது இன்னும் ஒரு அறுப்பு தாங்கும், இன்னொன்றுக்குக் கிரீஸ் அடித்தால் போதும். திருவேங்கடத்திலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் மக்காச்சோளம் அடிக்கிற மிஷின்காரர்கள் அந்தத் தீர்ப்புக்காக வந்து எங்கள் வாசலில் நிற்பார்கள்.

வீட்டுக்குள்ளே அந்தக் காது இன்னும் மோசம். அடுப்படியில் நான் முணுமுணுப்பது வாசலில் இருப்பவருக்குக் கேட்டுவிடும். "என்னைப் பத்தி என்னவோ சொல்லுதியே" என்பார். ஒரு வார்த்தை நிம்மதியாகத் திட்ட முடியாது அந்த வீட்டில்.

வடைச்சட்டி

போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், அறுப்பு மிஷினில் ஒரு பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. எனக்கு அந்த வேலையைக் கொண்டுவந்ததே ஒரு வடைச்சட்டிதான்.

பழைய மிஷின்களில் பேரிங்கை ஷாஃப்ட்டில் சும்மா ஏற்ற முடியாது. இறுக்கமாக இருக்கும். சுத்தியலால் அடித்தால் உள்ளே குண்டுகள் கெட்டுப்போகும். அதனால் புதுப் பேரிங்கை எண்ணெயில் போட்டுச் சூடாக்குவார்கள். சூட்டில் அது மயிரிழை விரியும். சாக்குத் துணியால் பிடித்து ஒரே தள்ளில் உள்ளே ஏற்றிவிட வேண்டும். பாதியில் தயங்கினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எண்ணெய் புகையவும் கூடாது. புகைந்தால் இரும்பு நிறம் மாறிப் பாழாகிவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது, அம்மா சீராகக் கொடுத்த என் இரும்பு வடைச்சட்டியில் ஒரு நாள் அவர் பேரிங்கை வேகவைத்துக்கொண்டிருந்தபோது. நான் போட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டாள். அந்தச் சட்டியில் பிறகு வடை சுடவில்லை. அன்று முதல் அது பேரிங் சட்டி. எண்ணெயைப் பார்த்துக்கொள்கிற வேலை மட்டும் என்னிடம் வந்து சேர்ந்தது. எண்ணெய் எப்போது காயும், எப்போது புகையும் என்று அவரைவிட எனக்குத்தானே தெரியும்? அவர் ஷாஃப்ட்டைத் துடைத்துவிட்டு, "ம்" என்பார். நான் இடுக்கியால் தூக்கிக் கொடுப்பேன். ஒரே தள்ளு. பேரிங் போய் உட்கார்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

அந்தப் பார்வைக்காக எத்தனை வடைச்சட்டி வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை, சண்டைதான் போட்டேன்.

வித்துரு, இல்லன்னா வாரேன்

பிறகு வடக்கே ஓடி ஓய்ந்த அறுப்பு மிஷின் ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிப் போட்டார். காலையில் எழுந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் அதன் முகத்தைத்தான் பார்ப்பார். நான் அதற்கு வைத்த பெயர் சக்களத்தி. வந்த வேளையோ என்னவோ, மழை பொய்த்துக் குளங்கள் காய்ந்தன. அறுக்க நெல் இல்லாமல் சக்களத்தி வேப்பமரத்தடியில் நின்றாள். அவர் சவுதிக்குப் போனார், ஜெனரேட்டர் பார்க்கிற வேலை. போகும்போது என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவளிடம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

மழை மறுபடி பெய்தபோது மிஷினை நான் ஓட்ட ஆரம்பித்தேன். ஓட்டினேன் என்றால் சுடலைமுத்து ஓட்டினான், நான் ஓட்டுவித்தேன். வயல்காரர்கள் என்னை மிஷின்காரம்மா என்றார்கள். ஏதாவது பழுது என்றால் அவருக்குப் போன் போடுவேன்.

முதலில் தினமும் பேசினோம். போகப்போகப் பேச்சு குறைந்தது. கூப்பிட்டால் எடுக்க மாட்டார், எழுத்தில் பதில் வரும். 'சாப்பிட்டேன்.' 'நல்லா இருக்கேன்.' 'கிரீஸ் அடிக்கச் சொல்.' மனுஷனுக்கு வாய் இருக்கிறதே, பேசினால் என்ன? அபூர்வமாக எடுத்தாலும் நான்தான் பேசுவேன், அவர் "ம்" போடுவார். நான் பேசுகிற வேகத்தில் எதிராளி "ம்" போடுவதற்கே இடம் தேட வேண்டும் என்பதால் அதையும் பெரிதாக நினைக்கவில்லை. லீவுக்கு வருவதும் தள்ளிக்கொண்டே போயிற்று. அவருக்கு என் மேல் ஆசை விட்டுப்போயிற்று என்று முடிவுகட்டிக்கொண்டு, அவர் விட்டுப்போன சட்டை ஒன்றைத் தலையணைக்கு உறையாகப் போட்டுப் படுத்தேன். பேசாத ஆளின் சத்தத்துக்கு ஏங்குவதுபோல ஒரு அவஸ்தை கிடையாது.

மாசியில் வருகிற அந்தப் பிசான நெல் அறுப்புக்கு முன்னால் ஒரு செய்தி அனுப்பினார். மிஷின் பழசாகிவிட்டது, இந்த அறுப்பு முழுக்கத் தாக்குப்பிடித்து ஓடினால் ஊருக்கே வந்துவிடுகிறேன், அதை வைத்துப் பிழைத்துக்கொள்ளலாம், நடுவில் நின்றுவிட்டால் விற்றுவிடு, நான் விசாவைப் புதுப்பித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன் என்று.

அன்றிலிருந்து நான் சக்களத்திக்குச் செய்த பணிவிடையை எந்தச் சக்களத்தியும் கண்டிருக்க மாட்டாள். பெல்ட் மாற்றினேன், சல்லடை மாற்றினேன், கிரீஸ் அடித்தேன். அவள் நிற்கக் கூடாது. அவள் நின்றால் அவர் வர மாட்டார்.

அறுப்பு முடியப் போகிற சமயத்தில்தான் ராயகிரியில் டிரம் அரைக்க ஆரம்பித்தது.

சக்களத்திக்கு விழுந்த அடி

வயல்காரர் வேலுச்சாமி அண்ணாச்சி நல்ல மனுஷன். ஆனால் கதிர் முற்றித் தலைகுப்புறக் கிடக்கிறது, மேலே மேகம். சாய்ந்த நெல்லில் மழை விழுந்தால் முளைத்துவிடும். வேறு மிஷினுக்குச் சொல்லிவிடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, இப்ப ஓட்டிருவோம் என்றேன்.

பேரிங்கை எப்போதும் ஜோடியாக வாங்குவது எங்கள் பழக்கம். ஸ்கூட்டியில் இரண்டும் இருந்தன, பேரிங் சட்டியும் இருந்தது. பம்புசெட் ரூமுக்குப் பக்கத்தில் கல் கூட்டி, சுள்ளி வைத்து எண்ணெயை ஏற்றினேன். சுடலைமுத்து இடப்பக்கப் பேரிங்கைக் கழற்றி, டீசலில் கழுவிக் கையில் சுற்றிப் பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"மதினி, இது நல்லாதான இருக்கு."

"உங்க அண்ணன் சொல்லிட்டாகள்லா. மாத்து."

மாற்றினான். எஞ்சினை எடுத்தான். அதே கரகர. அதே இடப்பக்கம்.

வேலுச்சாமி அண்ணாச்சி செல்போனை எடுத்துக்கொண்டு வரப்பில் தள்ளிப் போனார். யாரைக் கூப்பிடப் போகிறார் என்று எனக்குத் தெரியாதா? எல்லாம் முடிந்தது என்று பட்டது. எஞ்சினை அணைக்கச் சொன்னேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் மிஷினைச் சுற்றி வலப்பக்கம் போய், என் புருஷனை என்கிட்ட இருந்து பிடுங்குனது போதாதா முண்ட என்று சக்களத்தியின் விலாவில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

உள்ளங்கை பொசுங்கிவிட்டது. நான் அடித்த இடம் வலப்பக்கப் பேரிங்கின் கூடு. அடுப்பில் கிடந்த சட்டிபோலக் கொதித்துக்கொண்டிருந்தது.

சுடலைமுத்து அதைக் கழற்றியபோது பேரிங் முழுசாக வரவில்லை, துண்டாக வந்தது. உள்ளே கூண்டு உடைந்து, குண்டுகள் அம்மைத் தழும்பு விழுந்து கிடந்தன. கிரீஸ் கரியாகியிருந்தது. வலப்பக்கம்தான் எஞ்சின் இரைச்சலும் பெல்ட்டு இரைச்சலும். அங்கே எழுந்த சத்தம் அந்த இரைச்சலில் அமுங்கிப்போய், ஷாஃப்ட் வழியாக நடந்து இடப்பக்கம் வந்து எங்கள் காதில் விழுந்திருக்கிறது. வீணாய்ப் போனது ஒரு பக்கம், சத்தம் கேட்டது வேறு பக்கம்.

எண்ணெய் சூடாகத்தான் இருந்தது. இரண்டாவது பேரிங்கைப் போட்டேன். சுடலைமுத்து ஷாஃப்ட்டைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தான். தூக்கிக் கொடுத்தேன். ஒரே தள்ளு. அவர் மட்டும் அங்கே இல்லை.

எஞ்சின் ஓடியது. டிரம் 'ம்' என்று ஒரே சுருதியில் சுற்றியது. வேலுச்சாமி அண்ணாச்சி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

ஸ்டார்ட் பண்ணச் சொல்லு

மிஷின் வயலில் இறங்கி முழு வேகத்தில் அறுத்துக்கொண்டிருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெந்த கையில் பழைய சோற்று நீச்சத்தண்ணியை ஊற்றிக்கொண்டே, நல்ல கையால் அவருக்குப் போன் போட்டேன். இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் என்று சொல்லி, வாழ்க்கையில் முதல் தடவையாக உங்க தீர்ப்பு தப்பு என்று கேலி பண்ண வேண்டும். அப்புறம், வருகிறீர்களா என்று கேட்க வேண்டும்.

மிஷின் வரப்போரம் திரும்பி என் பக்கத்தில் வந்தது. காலுக்குக் கீழே மண் அதிர்ந்தது. "கேளுங்க" என்று கத்தி, போனை அதன் பக்கம் நீட்டினேன். அவர் குரல் வந்தது.

"ஏட்டி, மிஷினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. கேப்போம்."

இரைந்துகொண்டிருந்த மிஷினையும் போனையும் மாறி மாறிப் பார்த்தேன்.

போனில் சிக்னல் முழுசாக இருந்தது. பம்புசெட் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. விடாமல் கூப்பிட்டேன். எடுத்தார். தாடி நரைத்திருந்தது. முகத்தைக் காட்டுங்க என்றால் தலையைத் திருப்பி எனக்குக் காதைக் காட்டினார்.

சாதாரணக் குரலில், சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். அவர் என் உதட்டைப் பார்த்தார். மிஷின் ஓடுதா என்று கேட்டார்.

அப்போது புரிந்தது, இத்தனை நாள் எழுத்திலேயே பேசியது, எடுக்காத போன், தள்ளிப்போட்ட லீவு எல்லாம். காதுக்கு என்ன செய்யுது என்று கத்திக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இடக் காது சுத்தமா போயிட்டு. இதுவும் பாதிதான். எந்நேரமும் ஜெனரேட்டர் ரூம்லயே கெடந்தேம்லா. ரொம்ப நாளாச்சு, உங்கிட்ட எப்படிச் சொல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"காது போன மெக்கானிக்க எவன் கூப்பிடுவான்? அங்கன வந்து சும்மா உக்காந்திருக்கதுக்கு இங்கனயே கெடக்கேன். மிஷின் நின்னுட்டா உனக்குக் காரணம் சொல்லத் தேவையில்லன்னு இருந்தேன். ஒவ்வொரு வாட்டி நீ ஓடுதுங்கும்போதும் பயமா இருக்கும்."

ஆக, நான் எந்த மிஷின் நிற்கக் கூடாது என்று உயிரைக் கொடுத்தேனோ, அது நிற்க வேண்டும் என்று அவர் அங்கே காத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக அழுகை வந்தது. கத்திக் கத்தி அழுதேன், அதுவும் அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியவில்லை. வெந்த உள்ளங்கையைக் காமிராவுக்கு நேரே விரித்துக் காட்டினேன். என்னாச்சு, என்னாச்சு என்று பதறினார்.

கத்துவதை நிறுத்திவிட்டு, அவருடைய வழியிலேயே எழுத்தில் அனுப்பினேன். 'போனது வலப்பக்கம். அது சத்தமே போடல. சுட்டுது. கைதான் கண்டுபிடிச்சுது. உங்களுக்குக் கை ரெண்டும் இருக்குல்லா. வாங்க.' அனுப்பிவிட்டுப் போதாது என்று தோன்ற, இன்னொன்றும் அனுப்பினேன். 'எனக்கு மெக்கானிக் வேண்டாம். நீங்கதான் வேணும்.'

கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் படித்தார். பிறகு போன் மல்லாந்துவிட்டது. வெகுநேரம் அவருடைய அறையின் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை விழ ஆரம்பித்தது. சுடலைமுத்து வயலை முடித்துவிட்டான், நெல் தார்ப்பாய்க்குள் போய்விட்டது என்று வேலுச்சாமி அண்ணாச்சி கதவைத் தட்டிச் சொன்னார். அப்போது போனில் ஒற்றை வார்த்தை வந்தது. 'வாரேன்.'

மேலே சுற்றுவது

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து இறங்கினார். காதில் மாட்டுகிற கருவி வாங்கிக் கொடுத்தோம். மிஷின் பக்கத்தில் போனால் இரைச்சல் மண்டையைக் கொல்லுது என்று கழற்றிவைத்துவிடுகிறார். இப்போது பேரிங் கூட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுகிறார். சில சமயம் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு அதிர்வைப் பார்க்கிறார். முன்னைவிட நேரமாகிறது. பழைய மிஷின்காரர்களில் சிலர் வருகிறார்கள், சிலர் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். எண்ணெய் என் பொறுப்பில்தான் இருக்கிறது. பேரிங் போய் உட்கார்ந்ததும் திரும்பிப் பார்க்கிறார்.

வேறென்ன வேண்டும் என்று கேட்பீர்கள். ஒன்று வேண்டும்.

கொஞ்ச நாளாக எங்கள் அறையின் ஃபேன் கரகரக்கிறது. மேல் பேரிங்தான், எனக்கே தெரிகிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதற்கு நேர் கீழே படுத்து நிம்மதியாகத் தூங்குகிறார். அடுப்படியில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன், ஒன்றும் கேட்பதில்லை. ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதிக் காட்டினால் உடனே ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். சுடலைமுத்துவும் மாற்றித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்று தடுத்துவைத்திருக்கிறேன்.

அவர் பக்கத்தில் படுத்து அந்தக் கரகரப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்றைக்காவது ஒரு நாள் தூக்கத்திலிருந்து விழித்து, அண்ணாந்து பார்த்து, யாரும் சொல்லாமல் அவராகவே அதைச் சொல்லிவிட மாட்டாரா என்று.